வேனிற் காலமும் வீட்டுக் குளிர்ச்சியும்

கி.பி. 1526ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பானிப்பட்டுப் போரில் வென்று ஆக்ராவை அடைந்த பாபருக்கு, அங்கே மற்றொரு பகை காத்திருந்தது. அப்பகை வாளேந்தி வரவில்லை. வெயிலாகவும் அனற்காற்றாகவும் புழுதியாகவும் வந்தது. இம்மூன்றும் தம்மை வாட்டியதைப் பாபர் தம் வாழ்க்கைக் குறிப்பு நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இந்நாட்டில் இல்லாதவை இவை என்று அவர் இட்ட பட்டியலில் பனிக்கட்டியும் குளிர்ந்த நீரும் இடம் பெற்றுள்ளன. அவருடைய தளபதிகளிற் பலர் காபூலுக்கே திரும்பிவிட விரும்பினர். பாபரோ யமுனைக் கரையில் ஒரு தோட்டமும் நீராடும் மண்டபமும் அமைத்துக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டார்.

தமிழகத்தை விட்டு வடக்கே வந்து குடியேறிய நம் போன்றோர் இந்த இடத்தைப் படிக்கும்போது, பேரரசர் ஒருவரின் வரலாற்றையா படிக்கிறோம், நம் முதற் கோடையின் நாட்குறிப்பையா படிக்கிறோம் என்று ஐயுறத் தோன்றும். சென்னையின் வெயில் நமக்குப் பழக்கமானதுதான். ஆயினும் மே, ஜூன் மாதங்களில் 40 பாகையைக் கடந்து, சில நாட்களில் 45 பாகையையும் தொடும் தில்லியின் வெப்பமும், ‘லூ’ என்னும் உலர்ந்த அனற்காற்றும் வேறு வகையானவை. இவ்வெப்பத்திற்கு நடுவே இந்நாட்டு மக்கள் எவ்வாறு குளிர்ச்சி தேடிக்கொண்டனர் என்று ஆராய்ந்தால், இரண்டு வழிகள் தெரியவருகின்றன. ஒன்று, பொருளையும் பிறர் உழைப்பையும் கொண்டு குளிர்ச்சியை வரவழைத்துக்கொள்வது. மற்றொன்று, நீரையும் காற்றையும் கொண்டு அதைத் தம் கையால் ஆக்கிக்கொள்வது.

முதல் வழியின் சிறப்பை அக்பரின் அரண்மனையிற் காணலாம். அபுல் பசல் எழுதிய ‘அயினி அக்பரி’ இதனை விரிவாகக் கூறுகிறது. ஒரு சேர் நீரை உலோகக் குடுவையில் ஊற்றி வாயை மூடுவார்கள். வேறொரு பாத்திரத்தில் இரண்டரைச் சேர் வெடியுப்பையும் ஐந்து சேர் நீரையும் கலந்து, அக்கலவைக்குள் குடுவையைக் கால் மணி நேரம் சுழற்றுவார்கள். வெடியுப்பு நீரிற் கரையும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும்; குடுவையிலுள்ள நீர் குளிரும். போர்க்களத்தில் வெடிமருந்தாகி நெருப்பைக் கக்கும் அதே உப்பு, அரண்மனையில் தண்ணீரைக் குளிர்வித்தது.

1586ஆம் ஆண்டு முதல் அரசவை பஞ்சாபில் தங்கியபோது, லாகூரிலிருந்து சுமார் 45 குரோசத் தொலைவிலுள்ள மலைப்பகுதியிலிருந்து பனிக்கட்டி வந்தது. வண்டிகளிலும் ஆட்களின் தோளிலும் வந்ததோடு, ஆற்றின் வழியே பத்துப் படகுகள் இதற்கென ஓடின; நாளொன்றுக்கு ஒரு படகு நகரை அடையும்; படகொன்றுக்கு நான்கு ஓடக்காரர்கள். கிண்ணத்தில் மிதந்த பனிக்கட்டியைப் பற்றி நூல் பேசுகிறது. அதைச் சுமந்து வந்த ஓடக்காரர்களின் பெயர்களை நூல் பேசவில்லை.

அந்நூல் கூறும் மற்றொரு சாதனம் ‘கஸ்’ வேரால் வேய்ந்த அறை. இவ்வேரினாலான தட்டிகளின்மேல் நீர் தெளித்தால், கோடையின் நடுவே உள்ளே குளிர்காலம் பிறக்கும். இந்தக் கஸ் வேறெதுவுமன்று, நம் வெட்டிவேர்தான். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. பிரெஞ்சு, ஆங்கிலம் முதலிய மொழிகளில் இந்த வேருக்கு வழங்கும் பெயர், ‘வெட்டிவேர்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. இதற்குக் கைம்மாறு போல, பிரயாணத்திற் குடிநீர் கொண்டு செல்ல நாம் எடுத்துச் செல்லும் ‘கூஜா’வின் பெயர் பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்தது. கோடைக்காலத்தில் சொற்களும் தாகம் தீர்த்துக்கொள்ள ஊர்விட்டு ஊர் வந்திருக்கின்றன!

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இத்தட்டிகள் பங்களாக்களின் வாயில்களில் தொங்கின. தோற்பையில் நீர் சுமந்து வரும் ‘பிஸ்தி’கள் வெளியே வெயிலில் நின்று அவற்றை நனைத்தனர். கூரையிலிருந்து தொங்கிய பங்காவின் கயிற்றை, தாழ்வாரத்தில் உட்கார்ந்த ஏவலாள் இரவெல்லாம் இழுத்தார். உள்ளே ஒருவர் உறங்குவதற்காக வெளியே மற்றொருவர் விழித்திருந்தார்.

1775ஆம் ஆண்டில் சர் ராபர்ட் பார்க்கர் என்பவர், அலகாபாத்தில் பனிக்கட்டி செய்யும் முறையை இலண்டன் ராயல் கழகத்திற்கு எழுதி அனுப்பினார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இரவுகளில், தரையிற் சதுரமாகத் தோண்டிய ஆழமற்ற பள்ளங்களில் உலர்ந்த கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ பரப்பி, அதன்மேல் மெருகிடாத சிறு மண் தட்டுகளை வரிசையாக வைத்து, காய்ச்சி ஆறிய நீரை ஊற்றிவைப்பார்கள். மேகமற்ற வானத்தை நோக்கி நீர் தன் வெப்பத்தை வெளிவிடும்; மண் தட்டின் நுண்துளைகள் வழியே சிறிது ஆவியாகவும் போகும்; கீழேயுள்ள தட்டைப் படுக்கை நிலத்தின் வெப்பத்தைத் தடுக்கும். கதிரவன் எழுமுன் மெல்லிய பனித் தகடுகளை ஆட்கள் திரட்டி, வைக்கோல் வேய்ந்த ஆழமான குழியிற் சேர்த்துவைப்பார்கள். நடுக்கும் குளிரில் ஈரத் தட்டுகளைத் தொட்ட அந்தக் கைகளின் உழைப்பே கோடையில் விருந்து மேசைக்கு வந்தது.

1833ஆம் ஆண்டில் இதற்கும் போட்டி வந்தது. பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், தம் நாட்டு நீர்நிலைகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி ‘டஸ்கனி’ என்ற கப்பலில் கல்கத்தாவிற்கு அனுப்பினார். ஏற்றியது 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின் சுமார் 100 டன் கரை சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’ இந்த வாணிகத்தின் நினைவுச் சின்னமே. 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய அக்கட்டடம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. உள்நாட்டிலேயே இயந்திரங்கள் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அமெரிக்க வாணிகம் உருகி மறைந்தது.

அரண்மனையின் படகுகள் நின்றன, அலகாபாத்தின் குழிகள் தூர்ந்தன, கப்பல்களும் வருவதில்லை. ஆனால் அவற்றிற்கெல்லாம் முன்பே இருந்த ஒன்று இன்னும் இருக்கிறது. அதுதான் மண்பானை.

நாம் தில்லிக்கு மாற்றலாகி வந்த முதற் கோடையில் ஒரு பானை வாங்கினோம். அழகாக இருக்கட்டுமென்று சமையலறையின் மூலையிலே, அலமாரிக்குள் வைத்தோம். இரண்டு நாளாகியும் நீர் குளிரவில்லை. குயவர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு செய்தோம். பக்கத்து வீட்டில் பலியா மாவட்டத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். அவர் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, “பேட்டா, பானைக்கும் மூச்சுவிட வேண்டாமா? இதைக் காற்றிலே வை” என்றார். சன்னலோரம் நிழலில் வைத்தோம். மறுநாட் காலையில் நீர் நெஞ்சைக் குளிர்வித்தது. கலைப் பட்டம் பெற்ற நமக்குப் பௌதிக சாத்திரத்தின் முதற் பாடம் அன்றுதான் கிடைத்தது.

பாடம் எளியது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். பானையின் நுண்துளைகளில் கசிந்த நீர் ஆவியாகும்போது, அவ்வெப்பத்தை உள்ளேயுள்ள நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் ஆவியானால், 58 கிராம் நீரைப் பத்துப் பாகை குளிரச் செய்யும் கணக்கு அது. காற்று உலர்ந்திருந்தால் ஆவியாதல் விரைவாகும். ஆகவே, தில்லியிலும் நாகபுரியிலும் ஜயப்பூரிலும் பானை தன் வேலையைச் சிறப்பாகச் செய்யும். ஈரக் காற்று வீசும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அவ்வளவாகச் செய்யாது. நம்மை வருத்தும் அந்த உலர்ந்த ‘லூ’க் காற்றே நம் பானையைக் குளிர்விக்கிறது.

புதுப் பானையை ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். வண்ணமோ மெருகோ பூசிய பானை உதவாது. நாற்புறமும் காற்றுப் படும்படி மணைமேல் நிறுத்தி, ஈரத் துணியைச் சுற்றுங்கள். ஓரிரு கோடைகளுக்குப் பின் நீரின் உப்புப் படிந்து துளைகள் அடைபடும். அப்போது புதுப் பானை வாங்கவேண்டியதுதான். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையே மணலிட்டு நனைத்து, ஈரத் துணியால் மூடினால், கீரையும் காயும் வாடாமலிருக்கும் சிறு குளிர்பெட்டி ஆகிவிடும்.

வெட்டிவேர்த் தட்டியும் அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. பிளந்த மூங்கிலால் சன்னலளவிற்கு இரண்டு சட்டங்கள் கட்டி, இடையே இரண்டு விரற்கடைக் கனத்தில் வேரைப் பரப்பி, சணற்கயிற்றால் இறுக்கினால் தட்டி ஆயிற்று. காற்று வரும் பக்கத்துச் சன்னலில் தொங்கவிட்டு நனைக்கவேண்டும். எதிர்ப்பக்கச் சன்னலைச் சிறிது திறந்துவைக்கவேண்டும். இல்லாவிடில் ஈரம் அறையிலேயே தங்கிப் புழுக்கமாகும். பருவமழை தொடங்கியதும் தட்டியை அவிழ்த்து உலர்த்தி எடுத்துவைத்துவிடலாம். விசிறியும் நீரேற்றியும் பொருத்திய இன்றைய குளிர்விப்பான் பெட்டியும் இதே தட்டியின் பேரப்பிள்ளைதான்.

உணவிலும் இவ்வாறே. அந்த மூதாட்டி நமக்குக் கற்றுக் கொடுத்த மற்றொன்று ‘ஆம் பன்னா’. இரண்டு மாங்காயைத் தணலிற் சுட்டோ வேகவைத்தோ தோலுரித்து, சதையைப் பிசைந்து, வெல்லமும் உப்பும் வறுத்துப் பொடித்த சீரகமும் அரைத்த புதினாவும் சேர்த்து, நான்கைந்து குவளை நீரிற் கலந்தால் பன்னா. நம் பானகத்தில் எலுமிச்சையோ புளியோ செய்யும் வேலையை இங்கே மாங்காய் செய்கிறது. வியர்வையில் இழந்த நீரும் உப்பும் இதனால் திரும்பக் கிடைக்கும். ஆயினும் இது மருந்தன்று. வெயிலில் வந்தவருக்கு உடல் கொதித்து நினைவு தடுமாறினால், பன்னாவைத் தேடாமல், உடலை நீரால் நனைத்து விசிறியபடியே மருத்துவரிடம் விரையவேண்டும்.

‘சத்து’ என்பது வறுத்த கொண்டைக்கடலையின் மாவு. இப்பெயரின் மூலமான ‘சக்து’ என்ற சொல் ரிக் வேதத்திலேயே வருகிறது. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் வயலுக்குச் செல்லும் உழவரும் கூலிக்குச் செல்லும் தொழிலாளரும் இதை முடிந்துகொண்டு போவார்கள். இரண்டு கரண்டி மாவைக் குளிர்ந்த நீரிற் கரைத்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்தால் பகலுணவு ஆயிற்று. மே மாத நண்பகலில் அடுப்பு மூட்ட வேண்டாத உணவைவிட, இல்லத்தரசிக்கு இனிய உணவு வேறு ஏது?

நாம் கொடுத்ததும் உண்டு. நம் வீட்டு நீர்மோரில் மிதந்த கறிவேப்பிலையை முதலில் ஐயத்தோடு பார்த்த அம்மூதாட்டி, பின்பு ஒவ்வொரு கோடையிலும் தாமே கேட்டு வாங்கிக்கொள்ளலானார். மொட்டை மாடியில் ஒரு பக்கம் நம் கூழ்வடகமும், மறுபக்கம் அவருடைய மாங்காய் ஊறுகாய் ஜாடியும் காய்ந்தன. சென்னையிற் பல நாள் காயும் வடகம் இங்கே இரண்டே நாளிற் சருகாகக் காய்ந்துவிடும். வெயிலும் ஓர் உதவிதான், வேலை கொடுக்கத் தெரிந்தால்.

சேக்கிழாரின் பெரிய புராணத்தில், திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்த செய்தி வருகிறது. வடக்கே தெருவோரங்களில் ‘பியாவு’ என்ற பெயரில் மண்பானைகளுடன் நிற்பதும் அதே அறந்தான். அரண்மனைக் குளிர்ச்சியோ ஒருவர் நுகர்வதற்காகப் பலரை வெயிலில் நிறுத்தியது. தண்ணீர்ப் பந்தல் வெயிலில் நிற்பவரையே தேடி வந்தது. வரலாற்றில் நிலைத்தது எது என்பதைப் பார்த்தோம்.

இக்கோடையில் நம் வீட்டுப் பானை தயாரானதும், இரண்டாவதாக ஒன்றை வாயிலருகே வைப்போம். அஞ்சல் கொண்டு வருபவரும், காய்கறி வண்டி தள்ளுபவரும், பொதி சுமந்து படியேறுபவரும் நம்பொருட்டு அந்த ‘லூ’வில் நடந்து வருகிறார்கள். அவர்கள் மொழி நமக்கு முழுதும் பிடிபடாமற் போகலாம். ஒரு குவளைத் தண்ணீரை நீட்டும் கைக்கு மொழிபெயர்ப்பாளர் எவரும் வேண்டியதில்லை.