இனிப்பு வேட்கையும் இலண்டன் மாநகரத்துப் பாண்டிங்கும்

1862ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள், இலண்டன் மாநகரில் வாழ்ந்த வில்லியம் பாண்டிங் என்பாரின் எடை 202 இராத்தலாக இருந்தது. இன்றைய கணக்கில் அஃது ஏறத்தாழ 92 கிலோகிராம். அவருடைய உயரமோ ஐந்தடி ஐந்தங்குலந்தான். அகவை அறுபத்தைந்தை ஒட்டியிருந்தது. குனிந்து காலணியின் நாடாவைக் கட்ட அவரால் இயலவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது முழங்காலும் கணுக்காலும் உடற்சுமையைத் தாங்காமையால், திரும்பி நின்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்குவார். பிறர் எள்ளி நகையாடுவரே என்று அஞ்சிப் பொதுவிடங்களுக்குச் செல்வதையும் குறைத்துக்கொண்டார்.

பாண்டிங்கின் குடும்பத்தார் ஈமச் சடங்குகளை ஏற்று நடத்தும் தொழிலில் பெயர் பெற்றவர்கள். ஆங்கில அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளும், 1852ஆம் ஆண்டில் வெலிங்டன் கோமகனின் இறுதிச் சடங்கும் அக்குடும்ப நிறுவனத்தின் பொறுப்பில் நடந்தவை. அவர் மருத்துவரல்லர், அறிவியல் அறிஞருமல்லர். ஆயினும், உடல் எடையைக் குறைக்க மாந்தர் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவரை விலக்கிச் செல்லுதல் அரிது. தாம் பட்ட பாட்டையும் தாம் உண்டவற்றையும் ஒளிவுமறைவின்றி எழுதி அச்சிட்டவர் அவர். 1921ஆம் ஆண்டில் இன்சுலின் கண்டுபிடிப்பில் முன்னின்ற கனடா நாட்டுப் பிரெடரிக் பாண்டிங் வேறொருவர். பெயரொற்றுமை கண்டு மாணவர் மயங்குதல் கூடாது.

பாண்டிங்கின் பழைய உணவு முறையை முதலில் நோக்குவோம். காலையில் பாலில் ஊறிய ரொட்டி, அன்றேல் பாலும் சருக்கரையும் நிறையக் கலந்த தேநீருடன் வெண்ணெய் தடவிய ரொட்டி. நண்பகலில் இறைச்சி, பீர், மிகுதியான ரொட்டி, மாப்பண்டங்கள். மாலையில் மீண்டும் காலை உணவைப் போன்றதே. இரவில் பழம் பொதிந்த இனிப்புப் பண்டம். இது பேருண்டிக்காரன் ஒருவனுடைய உணவன்று. அக்காலத்து நடுத்தர ஆங்கிலேயர் பலரும் உண்டதே. வியப்பு என்னவெனில், அதில் இடம்பெற்ற சருக்கரையுள் பெரும்பங்கு அந்நாட்டு மண்ணில் விளையாத கரும்பிலிருந்து வந்ததாகும்.

கரும்பின் பயணம் தமிழருக்குப் புதிய செய்தியன்று. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நிலத்திற்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். மிட்டாயைக் குறிக்கும் 'கேண்டி' என்னும் ஆங்கிலச் சொல்லும் நம் கற்கண்டில் உள்ள 'கண்டு' என்பதும் உறவுடையன என்பர். இடைக்கால ஐரோப்பாவில் சருக்கரை மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. செல்வர் மட்டுமே அதனைச் சுவைத்தனர். மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டு கரும்புத் தோட்டங்கள் எழுந்த பின்னரே அஃது எளியோர் வீட்டிற்கும் வந்தது. 1800ஆம் ஆண்டளவில் ஆங்கில நாட்டில் ஆளொன்றுக்கு ஆண்டிற்கு ஏறத்தாழ 18 இராத்தலாக இருந்த சருக்கரை நுகர்வு, 1900ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 90 இராத்தலாயிற்று என்று வரலாற்றாசிரியர் கணிப்பர். நூறே ஆண்டுகளில் ஐந்து மடங்கு! நாவின் இயல்பு நூறு ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. மாறியது விலையும் வரத்துமே.

அந்த வரத்திற்குத் தோள் கொடுத்தோருள் தமிழரும் உளர். 1834ஆம் ஆண்டில் ஆங்கிலக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். மொரிசியசுத் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். 1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் நேட்டால் நாட்டின் டர்பன் துறையில் கூலிகளை இறக்கியது; அவர்களை எதிர்நோக்கியிருந்தவை கரும்புத் தோட்டங்கள். மலாயாவிலோ, ரப்பர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, இன்று செபராங் பிறை எனப்படும் புரோவின்சு வெல்லெசுலியின் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். நம்மவர் பலர் மலாயாத் தமிழர் வரலாற்றை ரப்பரிலிருந்தே தொடங்குகின்றனர். அது குறையுடைய தொடக்கமே. பாண்டிங் தம் பருமனை எண்ணி வருந்திய அந்நாளில், கடலுக்கு அப்பால் நம் முன்னோர் வெயிலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தனர்.

பாண்டிங் சோம்பியிருந்தவர் அல்லர். எடையைக் குறைக்க அவர் பல்லாண்டுகள் போராடினார். மருத்துவர் ஒருவர் உடற்பயிற்சி செய்யுமாறு கூறவே, விடியற்காலையில் படகு வலிக்கத் தொடங்கினார். தசை வலுப்பெற்றது; பசியும் உடன் பெருகியது. பசிக்கு ஏற்ப உண்டார், எடை கூடியது. பின்னர் உணவைக் கடுமையாகக் குறைத்துப் பார்த்தார். உடல் நலிந்து கட்டிகள் தோன்றின. அவற்றை அறுத்து நீக்கிய பின், உடல் தேறவேண்டுமென்று நன்றாக உண்ணக் கொடுத்ததில் முன்னிலும் பருத்துவிட்டாராம். நீராவிக் குளியலும் செய்து பார்த்தார். எத்தனையோ முறை குளித்தும் குறைந்தவை சில இராத்தல்களே. இன்று எடை குறைக்க முயல்வோர் பலருடைய கதையும் இதுவாகவே இருத்தல் காணலாம். பட்டினி கிடத்தல், தாங்காமல் மீண்டும் உண்ணல், முன்னிலும் பருத்தல், தம்மைத் தாமே நொந்துகொள்ளல் என அது சுழன்றுகொண்டேயிருக்கும்.

வழி பிறந்தது எதிர்பாராத இடத்தில். காது மந்தமாகிவிட்டதென்று 1862ஆம் ஆண்டில் வில்லியம் ஆர்வி என்னும் செவி மருத்துவரிடம் பாண்டிங் சென்றார். ஆர்வி முன்னர்ப் பாரிசு மாநகரில், கல்லீரலுக்கும் சருக்கரைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் குளோது பெர்னார் என்னும் அறிஞர் கண்ட முடிபுகளைக் கேட்டறிந்தவர். நீரிழிவு நோயாளிக்குச் சருக்கரையும் மாவுப்பொருளும் குறைந்த உணவு நன்மை தருமாயின், பருமனானவருக்கும் அது தராதோ என எண்ணினார். காதை நோக்கிய மருத்துவர் வயிற்றுக்கு மருந்து சொன்னார். ரொட்டி, வெண்ணெய், பால், சருக்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறனையும் இயன்றவரை விலக்குமாறு பணித்தார்.

புதிய உணவு முறையில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆர்வி வேளைகளைக் குறைக்கவில்லை. நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு இருந்தது. காலையில் நான்கைந்து அவுன்சு இறைச்சியோ மீனோ; பாலும் சருக்கரையும் இல்லாத ஒரு பெரிய கோப்பைத் தேநீர்; ஓர் அவுன்சு வறட்டு ரொட்டி. நண்பகலில் மீனும் இறைச்சியும், உருளைக்கிழங்கு நீங்கலாகக் காய்கறியும், 'புட்டிங்' என்னும் பண்டத்தினுள் இருக்கும் பழமும். மாலையில் இரண்டு மூன்று அவுன்சு பழமும், ஓரிரு ரஸ்க்குத் துண்டும், மீண்டும் இனிப்பில்லாத தேநீரும். இரவில் சிறிதளவு இறைச்சி அல்லது மீன். மது வகைகளும் இடம்பெற்றிருந்தன. இன்றைய மருத்துவர் எவரும் அந்தப் பகுதிக்கு ஒப்பார்.

பண்டத்தை ஒதுக்கிவிட்டு அதனுள் இருக்கும் பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளல் என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இனிப்பு வேட்கையை அடக்கும் வழி முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நாவிற்கு இனிப்பு முற்றாக மறுக்கப்படவில்லை; மாவும் சருக்கரையும் நீங்கிய வடிவில் அளந்து தரப்பட்டது. இனிப்பு உண்டு பழகிய மாலை வேளை வெறுமையாக விடப்படவில்லை; அங்கே பழமும் தேநீரும் வந்தமர்ந்தன. வயிறு நிறைந்திருந்தமையால் வேட்கையும் தணிந்தது. முன்பு பட்டினி கிடந்து தோற்றவர், இப்போது உண்டே வென்றார். அவருடைய மன உறுதி ஓராண்டில் திடீரென வளர்ந்துவிட்டது என்று கொள்வதற்குச் சான்றில்லை. அவர் முன் வைக்கப்பட்ட தட்டுத்தான் மாறியது. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருந்தைக் காட்டிலும் உணவின் அளவையும் பொருத்தத்தையுமே மிகுதியாகப் பேசுகிறார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

1863ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பாண்டிங்கின் எடை 156 இராத்தல். ஏறத்தாழ ஓராண்டில் 46 இராத்தல், அதாவது 21 கிலோகிராம் குறைந்திருந்தது. இடுப்பின் சுற்றளவும் பன்னிரண்டு அங்குலத்திற்கு மேல் சுருங்கியது. காதும் தெளிவாகக் கேட்டதாம். அவ்வாண்டிலேயே உடற்பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு மடல் என்னும் பொருள்படும் சிறுநூலை எழுதி, முதலில் விலையின்றி வழங்கினார். இளமையில் நலம் தரும் சில உணவுகள் முதுமையில் தீங்கு செய்யும் என்று கூறி, குதிரைக்கு மொச்சை கொடுப்பதை அதற்கு உவமை காட்டினார். நூல் பல பதிப்புகள் கண்டது. மருத்துவர் சிலர், மருத்துவம் பயிலாதவர் மருத்துவம் பேசுவதா என்று வெகுண்டனர். மக்களோ அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டனர். ஆங்கிலத்தில் அச்சொல் வழக்கு வீழ்ந்தாலும், சுவீடன் நாட்டு மொழியில் எடை குறைப்பதற்காக உணவைக் கட்டுப்படுத்துவதை இன்றும் 'பாந்தா' என்றே கூறுகின்றனர். பாண்டிங் 1878ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

ஆயினும் பாண்டிங்கின் வழி செல்வரின் வழி என்பதை மறத்தலாகாது. நாள்தோறும் பல வேளை இறைச்சியும் மீனும் உண்ண எத்தனைத் தொழிலாளரால் இயலும்? 1874ஆம் ஆண்டில் ஆங்கில அரசு சருக்கரை மீதான தீர்வையை நீக்கியபோது, சருக்கரையிட்ட தேநீரும் பழக்கூழ் தடவிய ரொட்டியும் ஏழையின் உணவாகவே நிலைத்துவிட்டன. இனிப்பு, உழைப்பவனுக்கு விரைவில் கிடைக்கும் மலிவான வலு. அதனை விடு என்று சொல்வது எளிது. அதனிடத்தில் எதை வைப்பது என்று சொல்வதே கடினம்.

இனிப்பையும் விடாமல் எடையையும் குறைக்க வேதியியல் வழி காட்டும் என்ற நம்பிக்கை பின்னர் எழுந்தது. 1879ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கான்சுடன்டின் பால்பெர்க்கு என்பார் சாக்கரினைக் கண்டறிந்தார். ஆய்வுக்கூடத்தில் கையில் ஒட்டிய பொருள் உணவில் இனித்ததால் அதனை அறிந்தார் என்பர். சைக்கிளமேட்டு, ஆசுபார்டேம் முதலியன தொடர்ந்து வந்தன. சைக்கிளமேட்டை அமெரிக்கா 1969ஆம் ஆண்டில் தடை செய்தது. உலகச் சுகாதார நிறுவனமோ, எடையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு இத்தகைய இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டா என்று 2023ஆம் ஆண்டு மே திங்களில் பரிந்துரைத்தது. நூற்றைம்பது ஆண்டுகளை அணுகும் குறுக்குவழி இன்னும் ஊர் சேரவில்லை.

இந்நாட்டுத் தமிழரிடம் வருவோம். புரோவின்சு வெல்லெசுலியின் கரும்புத் தோட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு இடம் விட்டன. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறையும் முடிவுற்றது. கரும்பு போயிற்று, இனிப்பு போகவில்லை. கட்டிப்பால் கலந்த தேநீர் தோட்டத்திலும் நகரத்திலும் ஊன்றிவிட்டது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வின்படி வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இனவாரியாக நோக்கின் இந்தியரிடையே அது மிகுதி. இந்நோய்க்கு மரபு, உடற்பருமன், உழைப்புக் குறைவு எனக் காரணங்கள் பல. இனிப்பு ஒன்றன்மீதே பழி சுமத்துதல் பொருந்தாது. எனினும் உடலுழைப்பு குறைந்த பின்னரும் உழைப்பாளியின் தேநீர் மட்டும் மாறாதிருப்பது எண்ணத்தக்கது.

அரசுகளும் வாளாவிருக்கவில்லை. சருக்கரை மிகுந்த பானங்களுக்கு மலேசியா 2019ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது; பின்னர் அதனை உயர்த்தியது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு இறுதியிலிருந்து பானங்கள் தரவரிசைப்படுத்தப்பட்டு, இனிப்பு மிகுந்தவற்றின் மேல் அதற்குரிய எழுத்து பொறிக்கப்படுகிறது. பள்ளிகளிலும் முயற்சி நடந்ததுண்டு. 1992 முதல் 2007 வரை சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பருமனான மாணவர்க்குத் தனியே பயிற்சியளிக்கும் திட்டம் இருந்தது. அவ்வாறு பிரிக்கப்பட்ட பிள்ளைகள் உடன் பயில்வோரின் ஏளனத்திற்கு ஆளாயினர் என்னும் குறை எழுந்தது, திட்டமும் கைவிடப்பட்டது. பாண்டிங் பொதுவிடங்களுக்குச் செல்ல அஞ்சியது இதே ஏளனத்திற்காகத்தான். ஏளனத்தால் அவருடைய எடை ஓர் இராத்தலும் குறையவில்லை.

பாலும் சருக்கரையும் இன்றிப் பாண்டிங் காலைதோறும் பருகிய அந்தத் தேநீருக்கு இந்நாட்டு உணவுக்கடைகளில் ஒரு பெயர் வழங்குகிறது. 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் போதும். கடைக்காரர் மறுபேச்சின்றிக் கொண்டுவந்து வைப்பார்.