ஏரி வண்டலும் ஒரு பழங்கணக்கும்

1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்ற செங்கல்பட்டுச் சீமையை, 1767 முதல் 1774 வரை கும்பினியார் ஊர் ஊராகக் கணக்கெடுத்தனர். பொறுப்பேற்றவர் தாமஸ் பர்னார்டு. இந்த ஆவணங்களைத் தரம்பால் வெளிக்கொணர்ந்த பின், இரசாயன உரமின்றியே அமோக விளைச்சல் இருந்ததற்கு இயற்கை வேளாண் அன்பர்கள் இவற்றையே சான்று காட்டுகிறார்கள்.

விளைச்சலைவிட என்னைக் கவர்வது களத்துப் பங்கீடு. அரசுக்கும் உழவருக்கும் நெல்லைப் பிரிக்குமுன்பே ஏரிப் பராமரிப்புக்கும் தச்சர், கொல்லர், வெட்டியார் முதலிய ஊர்ப் பணியாளருக்கும் பங்கு ஒதுக்கப்பட்டது. ஏரி மாவட்டமல்லவா! கோடையில் வற்றிய ஏரியின் வண்டலே வயலுக்கு எரு; ஆட்டுக்கிடையும் தழையுரமும் துணை. ஏரிக்கான பங்கு நின்றால் நீர் மட்டுமன்று, வயலின் வளமும் குன்றும். பஞ்சகவ்யத்தையும் மண்புழு உரத்தையும் மட்டுமே பேசும் இன்றைய பயிற்சி வகுப்புகளில் இப்பொதுமைக்கு இடமிருப்பதில்லை.

ஆனால் அந்த வண்டலைச் சுமந்தவர்கள் யார்? செங்கல்பட்டு வயல்களில் பாடுபட்டவர்களுள் பெரும்பாலோர் நிலமற்ற பறையர்கள். அவர்களது அடிமைநிலையை மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் விரிவாக எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பர்னார்டை மேற்கோள் காட்டும் நண்பர்கள் திரெமென்ஹீரைத் தொடுவதேயில்லை. இரண்டும் ஒரே மண்ணின் கணக்குகள்தாம்.