தேனீயும் உண்ணியும் தோட்டத்து அமிலமும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரத் தோட்டங்கள் பரந்து கிடந்த நாளில், அம்பாங் முதல் கிள்ளான் வரை அத்தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு ஒரு வாடை நன்கு பழக்கம். மரத்திலிருந்து இறக்கிய பாலைத் தொட்டியில் ஊற்றி, நீர் கலந்த பார்மிக் அமிலத்தைச் சேர்த்தால் பால் உறையும். மூக்கைத் துளைக்கும் அவ்வமிலத்தின் வாடையே அது. அதே அமிலம் இன்று உலகின் பல நாடுகளில் தேனீக்களைக் காக்கும் மருந்தாகவும் பயன்படுகிறது. அந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் பெயரைக் காண்போம். ‘பார்மிகா’ என்ற இலத்தீன் சொல்லுக்கு எறும்பு என்பது பொருள். ஆங்கிலேய இயற்கைநூல் அறிஞர் ஜான் ரே என்பார், எறும்புகளிலிருந்து வடித்தெடுக்கப்பட்ட புளிப்பு நீரைப் பற்றி 1671-இல் எழுதினார். இதனைத் தமிழில் எறும்பமிலம் என்று வழங்குவதும் அதனால் பொருந்தும். இதற்குத் துணையாக நிற்பது ஆக்சாலிக் அமிலம். ‘ஆக்சாலிஸ்’ என்பது நம் புளியாரை இனத்தின் பெயர். அக்கீரையின் புளிப்பிலும் பிலிம்பிக்காயின் புளிப்பிலும் இவ்வமிலம் உண்டு. இவ்விரு அமிலங்களும் தேனிலேயே இயல்பாகச் சிறிதளவு கலந்துள்ளன.

இனிப் பகையைக் காண்போம். ஜாவாத் தீவில் பொந்துத் தேனீயின் கூட்டிலே எட்வர்டு ஜேக்கப்சன் என்பார் ஓர் உண்ணியைக் கண்டெடுத்தார். டச்சு அறிஞர் ஊடமான்ஸ் 1904-இல் அதற்கு ‘வரோவா ஜேக்கப்சோனி’ எனப் பெயரிட்டார். பொந்துத் தேனீ அவ்வுண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. தன் உடலிலும் தோழியர் உடலிலும் ஒட்டிய உண்ணியைப் பற்றி எடுத்தெறியும். உண்ணியோ பெரும்பாலும் ஆண் தேனீயின் அறையில் மட்டுமே பெருகும். ஆதலின் குடி அழிவதில்லை.

ஐரோப்பியத் தேனீயை மனிதன் ஆசியாவிற்குக் கொண்டுவந்தபோது இந்தச் சமநிலை குலைந்தது. அத்தேனீயின் பணித்தேனீ அறைகளிலும் உண்ணி பெருகிற்று. தேனீயின் கொழுப்புத் திசுவை உண்டு, நோய்க்கிருமிகளையும் பரப்பிற்று. 1977-இல் மேற்கு ஜெர்மனியிலும் 1987-இல் அமெரிக்காவிலும் அது காணப்பட்டது. உலகமெங்கும் அழிவு செய்த இவ்வுண்ணியை ஜாவாவின் பெயராலேயே அறிஞர் அழைத்துவந்தனர். 2000-ஆம் ஆண்டில் ஆண்டர்சன், ட்ரூமன் என்னும் இருவர் மரபுக்கூறுகளை ஒப்பிட்டு, அழிவு செய்வது வேறோர் இனம் எனக் காட்டி, அதற்கு ‘வரோவா டெஸ்ட்ரக்டர்’ எனப் பெயரிட்டனர். மலேசிய, இந்தோனேசியப் பகுதிப் பொந்துத் தேனீயிடம் வாழ்வதோ ஜேக்கப்சோனியே. தொண்ணூற்றாறு ஆண்டுகள் சுமந்த பழி இவ்வாறு நீங்கிற்று.

உண்ணியைக் கொல்ல முதலில் செயற்கை நஞ்சுகளையே பெரிதும் நம்பினர். புளூவலினேட் என்னும் மருந்தைத் தாங்கி வாழும் உண்ணிகள் 1990-களில் இத்தாலியில் தோன்றின; பின்னர்ப் பிற நாடுகளிலும் தோன்றின. அந்நஞ்சு தேன்மெழுகிலும் தங்கியது. எனவே அறிஞர்கள் அமிலங்களின்பால் மேலும் கருத்தூன்றினர். பார்மிக் அமிலத்தின் ஆவி மெழுகு மூடியையும் ஊடுருவி, அறைக்குள் மறைந்துள்ள உண்ணியையும் கொல்லும்; இது அதன் தனிச்சிறப்பு. ஆக்சாலிக் அமிலத்திற்கு அவ்வாற்றல் இல்லை. குளிர்காலத்தில் புழு வளர்ப்பு நின்று, உண்ணிகளெல்லாம் தேனீயின் உடல்மீது இருக்கும் வேளையில், சர்க்கரைப் பாகில் கலந்து அதைத் துளிக்கும் முறை ஐரோப்பாவில் பரவிற்று. 2015-இல் அமெரிக்காவும் ஆக்சாலிக் அமிலத்திற்கு இசைவளித்தது.

இம்முறைகளை அப்படியே நம் நாட்டில் பின்பற்றலாமோ? இயலாது. இங்கே குளிர்காலம் இல்லை. புழு வளர்ப்பும் நெடுநாள் நிற்பதில்லை. மூடிய அறைக்குள் உண்ணி எந்நாளும் ஒளிந்திருப்பதால் ஆக்சாலிக் அமிலத்தின் பயன் குறையும். பார்மிக் அமிலமோ வெப்பத்தில் விரைந்து ஆவியாகும். ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் புழுக்களுக்கும் அரசித் தேனீக்கும் கேடு வரலாம். கோலாலம்பூரின் நண்பகல் வெப்பம் அவ்வெல்லையைத் தாண்டுவது வழக்கம். எனவே அமிலத்தின் அளவும் நேரமும் இந்நாட்டு வெயிலுக்கேற்ப அமைய வேண்டும். அரசியைச் சிலநாள் தனியே அடைத்துப் புழு வளர்ப்பை நிறுத்திவைத்து, பின்னர் ஆக்சாலிக் அமிலம் இடுவதும் ஒரு வழி. மலைத்தேனீயிடமிருந்து ஐரோப்பியத் தேனீக்குத் தொற்றும் ‘ட்ரோபிலேலாப்ஸ்’ என்னும் மற்றோர் உண்ணிக்கும் இவ்விடைவெளி கேடாகும். புழுவின்றி அது சில நாள் தாண்டி வாழாது.

பால்தொட்டியிலே அமிலம் கூடினால் ரப்பர் கெடும். குறைந்தால் பால் உறையாது. அளவறிந்து ஊற்றும் கையே அங்குத் தொழிலைக் காத்தது. தேன்பெட்டியிலும் அவ்வாறே. அமிலம் எந்நாட்டினதாயினும், அதை இடும் காலத்தை இந்நாட்டுத் தேனீயிடமே கற்றல் வேண்டும்.