ஆங்கிலத்தில் புண்பற்றிய சொற்கள்

ஆங்கிலத்தில் உடற்புண்ணையும் அதன் மருத்துவத்தையும் குறிக்கும் சொற்கள் யாவும் மருத்துவ நூல்களிற் பிறந்தவை எனக் கருதுவார் உளர். சொல்வரலாறு அக்கருத்துக்கு அரண் செய்யவில்லை. புண்களை வகைப்படுத்திப் பெயரிடும் முயற்சியை அம்மொழியில் முதற்கண் சட்டத்திலேயே காண்கிறோம்.

கெண்டு நாட்டு மன்னன் ஏத்தெல்பெர்ட்டு ஏறத்தாழக் கி.பி. 600-இல் வகுத்த சட்டமே ஆங்கிலத்தில் இயன்றவற்றுள் மிகப் பழையது என்பர். 12-ஆம் நூற்றாண்டிற் படியெடுத்த இராச்செஸ்டர்ச் சுவடியில் அது எஞ்சியுள்ளது. அதன் பெரும்பகுதி உறுப்புக்கள் உறும் ஊறுகளையும், ஊறு செய்தவன் இறுக்கவேண்டிய ஈட்டுப்பணத்தையும் நிரல்படக் கூறுவது. கண் போயின் 50 சில்லிங்கு, காது அறுபடின் 12, பெருவிரலுக்கு 20, அதன் நகத்திற்கு மட்டும் 3. கன்றிய காயம் ஆடைக்குப் புறத்தே கறுத்துத் தோன்றின் 30 சிறுகாசு. ஆடைக்குள் மறைந்திருப்பின் 20. நோவு ஒன்றாயினும் விலை வேறாதல் காண்க. பிறர் காண நேரும் இழிவுக்கும் அன்றைய சட்டம் விலை வைத்தது போலும்.

உடலூறு அனைத்திற்கும் பொதுவாக இன்று வழங்கும் 'இஞ்சுரி' என்பதும் நீதிமன்றச் சொல்லே. இலத்தீனில் அது 'முறையன்மை' எனப் பொருள்படும். உடற்புண் என்னும் பொருள் அதன்வழி வளர்ந்தது. 'ஊண்டு' என்பதோ செருமானிய இனமொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். 'ஸ்கார்' என்பதன் வரலாறு சுவையுடையது. கிரேக்கத்தில் அடுப்பைக் குறித்த சொல், தீப்புண்ணின் பொருக்கைக் குறித்து, பின்னர்த் தழும்பு எனப் பொதுப்பொருள் பெற்றது.

மருத்துவனைக் குறித்த 'லீச்' என்னும் பழஞ்சொல் 10-ஆம் நூற்றாண்டு மருத்துவச் சுவடியின் பெயரில் நிலைத்துள்ளது. இன்று அவ்வொலியுடைய சொல் அட்டையையே குறிக்கும். அதனிடத்தில், அறுவை செய்வானுக்கு, பிரெஞ்சுவழி வந்த 'சர்ஜன்' அமைந்தது. கைத்தொழிலன் என்பதே அதன் கிரேக்க மூலப்பொருள். 1540-இல் எட்டாம் என்றியின் ஆட்சியில் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே கழகமாக்கப்பட்டனர் என்பதையும், 1745-இல்தான் பிரிந்தனர் என்பதையும் நோக்குவார்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். எலும்பு முறிந்தது என்று பொதுமக்கள் நாட்டுச் சொல்லாற் கூறுவதை மருத்துவர் 'பிராக்ச்சர்' என இலத்தீன்வழிச் சொல்லாற் கூறும் இருநிலை வழக்கு இன்றும் நிலவுகிறது.

இவ்விருநிலை வழக்கிற் பயின்ற ஒருவர் தமிழில் மருத்துவம் எழுதப் புகுந்தார். அமெரிக்கரான சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். 1867-இல் வெளிவந்த அவர்தம் அறுவை நூல் 'இரண வைத்தியம்' எனப்பட்டது. புண் என்னும் தமிழ்ச்சொல் இருக்க வடசொற்றிரிபை ஆண்டது குறை என்பார் கூற்று முழுதும் ஏற்கத்தக்கதன்று. இரணம் என்பது நாட்டு மருத்துவரிடை முன்னரே வழங்கிய சொல், மாணாக்கர்க்குப் புதிதன்று. சங்கச் செய்யுளிலோ விழுப்புண், புறப்புண் என்னும் பாகுபாடு மறவன் புண்பட்ட இடத்தையும் அவன் மானத்தையும் பற்றியது. கெண்டுச் சட்டம் காயம் புலப்படும் இடத்தை நோக்கியதோடு இஃது ஒருவாறு ஒப்பிடத்தக்கது; ஆயினும் ஈண்டு விலை பேசப்படவில்லை.