கப்பல் விலாவில் ஆறடிச் செய்யுள்

துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் விலாவில், நீளத்தின் நடுவாக்கில், ஒரு வட்டம் இருக்கும். அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு ஓடும். சற்றுத் தள்ளி, ஏணிபோல் இன்னும் சில கோடுகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஆங்கில எழுத்து. பிளிம்சால் குறி என்பது இதுதான். பள்ளிப் புத்தகத்தில் மிதத்தல் விதியின் ஓரத்தில் சின்னப் படமாகப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போயிருப்போம். மேலிருந்து கீழாக அந்த எழுத்துகள் இவை:

டி.எஃப்.
எஃப்.
டி.
எஸ்.
டபிள்யூ.
டபிள்யூ.என்.ஏ.

பதவுரை சுலபம். வெப்பமண்டல நன்னீர், நன்னீர், வெப்பமண்டலக் கடல், கோடை, குளிர்காலம், வட அட்லாண்டிக் குளிர்காலம். அந்தந்த நீரில், அந்தந்தப் பருவத்தில், நீர்மட்டம் இந்தக் கோட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்பது பொழிப்பு. ஆனால் மேலிருந்து வரிசையாகப் படித்தால் பொருள் பிடிபடாது. கொண்டுகூட்டித்தான் படிக்க வேண்டும். அதுவும் நான்காம் அடியிலிருந்து.

எஸ்.

வட்டத்தை வெட்டும் கோடும் இந்தக் கோடும் ஒரே மட்டம். மற்ற ஐந்தும் இதிலிருந்து ஏற்றியோ இறக்கியோ குறிக்கப்பட்டவை. அளவெல்லாம் கறார்: வட்டத்தின் வெளிவிட்டம் 300 மில்லிமீட்டர், குறுக்குக்கோட்டின் நீளம் 450, தடிப்பு 25. தடிப்பே ஒரு அங்குலம் என்றால் எல்லை அதில் எங்கே? கோட்டின் மேல் விளிம்பு. எழுத்துகளையும் கோடுகளையும் பெயிண்டில் மட்டும் எழுதிவிட்டுப் போக முடியாது. இரும்பிலேயே நிலையாகப் பதித்திருக்க வேண்டும். பெயிண்ட் உரிந்தாலும் கையால் தடவிப் படிக்கலாம்.

இவ்வளவு கறார் ஏன் என்பதற்கு ஒரு பழைய அவநம்பிக்கை காரணம். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஓட்டைக் கப்பலுக்கும் தாராளமாக இன்சூரன்ஸ் எடுத்து, வழிய வழியப் பாரமேற்றி அனுப்பும் முதலாளிகள் இருந்தார்கள். முழுகினாலும் அவர்களுக்கு நட்டமில்லை. மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றார்கள். டெர்பி தொகுதி உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1875இல் பிரதமர் டிஸ்ரேலியின் அரசு இதைத் தடுப்பதற்கான மசோதாவைக் கைவிட்டபோது அவையிலேயே கொதித்து, சக உறுப்பினர்களை வில்லன்கள் என்று திட்டித் தீர்த்தார். மறு ஆண்டே சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டிருந்தார்கள்! வேலியை எங்கே போடுவதென்று ஆட்டையே கேட்ட கதை. 1890இல்தான் இடமும் சட்டப்படி நிர்ணயமாயிற்று. இன்று வட்டத்தின் இருபுறமும் உள்ள இரண்டு எழுத்துகள், கோட்டின் இடத்தை நிர்ணயித்தது யார் என்று சொல்கின்றன. எல்.ஆர். என்றிருந்தால் லாய்ட்ஸ் ரெஜிஸ்டர், ஐ.ஆர். என்றிருந்தால் நம் இந்தியக் கப்பல் பதிவகம்.

எஃப்.

பௌதிகம் முழுக்க இந்த ஓர் அடிக்குள் இருக்கிறது.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை ஒதுக்கும். இது ஆர்க்கிமிடீஸ் சொத்து. ஒதுக்கப்படுவது எடையில் சமம். கன அளவு நீரைப் பொறுத்தது. பாரத்தோடு 20,000 டன் எடையுள்ள ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். கடல்நீர் கன மீட்டருக்கு 1,025 கிலோ. எனவே கடலில் அது ஒதுக்க வேண்டியது சுமார் 19,512 கன மீட்டர். ஆற்றுநீர் கன மீட்டருக்கு 1,000 கிலோதான்; அங்கே 20,000 கன மீட்டர் ஒதுக்கியாக வேண்டும். மிச்சமுள்ள 488 கன மீட்டருக்கு எங்கே போவது? கீழேதான் போக வேண்டும். இந்தக் கப்பல் கடலில் ஒரு சென்டிமீட்டர் அமிழ 25 டன் தேவை என்றால், நீர்மட்டத்தில் அதன் பரப்பு ஏறத்தாழ 2,440 சதுர மீட்டர். 488ஐ அதால் வகுத்தால் 20 சென்டிமீட்டர் வரும். எஸ். கோட்டுக்கும் எஃப். கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவ்வளவுதான்.

கப்பல்காரர்கள் இத்தனை தூரம் சுற்ற மாட்டார்கள். மொத்த எடையை, ஒரு சென்டிமீட்டருக்கான டன்னின் நான்கு மடங்கால் வகுப்பார்கள். விடை மில்லிமீட்டரில் வரும். 20,000ஐ 100ஆல் வகுத்தால் 200. அதே 20 சென்டிமீட்டர். அந்த நான்கு, 1,025க்கும் 1,000க்கும் உள்ள 25இலிருந்து பிறந்தது. எடை சரியாகத் தெரியாத கப்பலுக்குச் சட்டம் வேறு வழி தருகிறது: கோடைக்கால அமிழ்வில் 48இல் ஒரு பங்கை எடுத்துக்கொள். கப்பல் வெறும் பெட்டியாக இருந்திருந்தால் அது 40இல் ஒன்று. அடிப்பக்கம் ஒடுங்கி மேலே அகன்றிருப்பதால், அதே கன அளவுக்குக் குறைந்த ஆழமே போதும், 48 ஆனது.

ஹூக்ளி ஆற்றில் பாரமேற்றும் கப்பல் எஃப். வரை அமிழலாம். வங்கக் கடலை எட்டும்போது உப்புநீர் அதை எஸ். கோட்டுக்குத் தூக்கிவிடும். ஒரு டன்கூட இறக்கவில்லை, ஏற்றவில்லை. (ஹூக்ளியில் கோட்டுக்கு முந்திக்கொண்டு வண்டலே பெரும்பாலும் வழி மறித்துவிடும் என்பது வேறு விஷயம்.)

ஆறும் கடலும் கலக்கும் துறைமுகத்தில் நீர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அங்கே வாளிதான் வழி. கயிற்றில் கட்டிய வாளியை இறக்கி நீரை மொண்டுவருவார்கள். மழைத்தண்ணீர் மேலே படர்ந்து நிற்குமாதலால், மேல்வாக்கில் மொண்ட நீரை நம்ப மாட்டார்கள். சற்று ஆழத்திலிருந்து எடுப்பார்கள். அதில் ஹைட்ரோமீட்டரை, பாடப்புத்தகச் சொல்லில் நீர்மமானியை, விட்டு, தண்டைப் பிடித்து லேசாகச் சுழற்றுவார்கள். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகள் விலகும். பிறகு கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, கண்ணாடியோரம் ஏறி நிற்கும் வளைவைக் கணக்கில் சேர்க்காமல் படிப்பார்கள். 1.010 என்றால் 20 சென்டிமீட்டரில் 25க்கு 15 பங்கு, அதாவது 12 சென்டிமீட்டர், சலுகை.

அந்தக் கண்ணாடிக் குழலும் ஒரு குட்டிக் கப்பல்தான். கனமான நீரில் உயர்ந்து நிற்கும், லேசான நீரில் அமிழும்; அதனால்தான் அதன் அளவுகோலில் பெரிய எண்கள் கீழே இருக்கின்றன. கப்பலைத் திருப்பி நினைத்தால் அதுவும் 20,000 டன் எடையுள்ள ஒரு ஹைட்ரோமீட்டர். நிலக்கரி எத்தனை டன் வந்தது என்பதைப் பல துறைமுகங்களில் தராசில் பார்ப்பதில்லை. முகப்பிலும் நடுவிலும் பின்புறத்திலும், இரு பக்கமும், அமிழ்வைப் படித்தே கணக்கிடுகிறார்கள். நம் கப்பலில் ஒரு சென்டிமீட்டர் தவறிப் படித்தால் 25 டன் நிலக்கரி காகிதத்தில் தோன்றும் அல்லது மறையும். அலை அடித்துக்கொண்டே இருக்கும் எண்ணின்மேல் கண்ணை ஊன்றி நிற்கும் சர்வேயர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

டி., டபிள்யூ.

இங்கேதான் பலரும் தவறாக உரை எழுதுகிறார்கள். வெப்பக்கடல் நீர் லேசானது, குளிர்க்கடல் நீர் கனமானது, அதனால் கோடுகள் வேறு என்பார்கள். திசை சரிதான், அளவு போதாது. 10 பாகை செல்சியஸில் உள்ள கடல்நீருக்கும் 28 பாகையில் உள்ளதற்கும் கன மீட்டருக்கு நாலைந்து கிலோதான் வித்தியாசம். நம் கப்பலுக்கு அது 4 சென்டிமீட்டரைத் தொடாது. டி. கோடோ எஸ்.ஸிலிருந்து கோடைக்கால அமிழ்வின் 48இல் ஒரு பங்கு மேலே போகிறது, அமிழ்வு 9.6 மீட்டர் என்றால் 20 சென்டிமீட்டர். டபிள்யூ. அதே அளவு கீழே.

இது நீரைப் பற்றிய கணக்கே அல்ல. புயலைப் பற்றிய பயம். அலை தளத்தின்மேல் ஏறும் பருவத்தில் கப்பலுக்கு நீர்மட்டத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் உயரம் கொடு என்கிறார்கள். 1966இன் பன்னாட்டு உடன்படிக்கை கடல்களைப் பருவவாரியாகப் பங்குபோட்டிருக்கிறது. வங்கக் கடலில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை டி.; மே 1 முதல் நவம்பர் 30 வரை எஸ். மார்கழிப் பனியில் வெப்பமண்டலக் கோடு, ஐப்பசி அடைமழையில் கோடைக் கோடு! பெயரைப் பார்த்தால் சிரிப்பு வரும். புயல் மாதங்களை நினைத்தால் வராது.

நம் கணக்கில் எஃப்.பும் டி.யும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. ஆனால் எஃப். தரும் 20 சென்டிமீட்டரில் பாரம் மாறுவதில்லை. டி. தரும் 20 சென்டிமீட்டரில் 500 டன் சரக்கு கூடுதலாக ஏறுகிறது. ஒன்று இயற்கையின் விதி, இன்னொன்று மனிதர்கள் கூடிப் பேசி வைத்த ஒப்பந்தம். குறியை வரைந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஏணியின் நடுவே ஒரு நெடுங்கோடு உண்டு. நன்னீர்க் கோடுகள் அதிலிருந்து கப்பலின் பின்பக்கம் நோக்கியும், கடல் கோடுகள் முன்பக்கம் நோக்கியும் நீள்கின்றன.

டி.எஃப்.

இரண்டும் சேர்ந்தது. டி.க்கு மேல் அதே நன்னீர் இடைவெளி. மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

டபிள்யூ.என்.ஏ.

வட அட்லாண்டிக்கின் குளிர்காலத்துக்கு மட்டும் தனி அடி. டபிள்யூ.வுக்குக் கீழே 50 மில்லிமீட்டர். அதுவும் நீளம் 100 மீட்டரைத் தாண்டாத சிறு கப்பல்களுக்கே. நாம் கணக்குப் போட்ட 20,000 டன் கப்பல் அதைவிட நீளமாகத்தான் இருக்கும். அதன் விலாவில் ஏணிக்கு ஐந்து படிகள்தான், கடைசிக் கோட்டுக்குக் கீழே வெறும் பெயிண்ட்.