கடிவாளத்தின் கதை

நம் கெடா மாநிலத் தோட்டங்கள் பலவற்றில், லயத்தை ஒட்டி ஒரு முனியாண்டி கோயில் இருக்கும். சில கோயில்களின் முகப்பில் வெள்ளைக் குதிரைச் சிலை ஒன்று முன்காலைத் தூக்கி நிற்கும். சென்ற திருவிழாவின்போது என் வகுப்பு மாணவி ஒருத்தி அந்தக் குதிரையைக் காட்டி, "ஐயா, அதன் வாயில் ஏன் இரும்பு மாட்டியிருக்கிறார்கள்? வலிக்காதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு உரிய விடையே இன்றைய என் பேச்சு.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. அங்கேதான், நாக்கின்மேல், கடிவாள இரும்பு படிகிறது. அவ்விடத்தில் எலும்பின்மீது மெல்லிய ஈறு மட்டுமே போர்த்தியிருக்கிறது. பால்மரம் வெட்டும் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டையில் அளவோடு கத்தியை ஓட்டினால் பால் வரும். ஆழம் தவறினால் மரத்தில் காயம்பட்டு, பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்துவிடும். குதிரையின் வாயும் அப்படித்தான்.

இந்த உண்மையை மனிதன் வெகுகாலத்திற்கு முன்பே அறிந்திருந்தான். கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டிலேயே மேற்காசியாவில் வெண்கலக் கடிவாளங்கள் வழக்கில் இருந்தன. கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய செனபோன் என்னும் கிரேக்க வீரர், குதிரை வைத்திருப்பவரிடம் குறைந்தது இரண்டு கடிவாளங்கள் இருக்க வேண்டும் என்கிறார். ஒன்று கரடுமுரடானது, மற்றொன்று வழவழப்பானது. வற்புறுத்திச் செய்விப்பதைக் குதிரை புரிந்துகொண்டு செய்வதில்லை என்பதும் அவர் கருத்து.

நம் தமிழகத்திற்குக் குதிரை கடல் கடந்து வந்தது. சங்க நூலாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களைச் சொல்லுமிடத்தில், கடல்வழி வந்த குதிரைகளையும் காழகத்துப் பொருள்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் கூறுவர். அந்தக் கடாரமே நாம் வாழும் இந்தக் கெடா என்பதை எண்ணும்போது பெருமை உண்டாகிறது அல்லவா?

ஆனால் பெருமைப்பட முடியாத ஒரு செய்தியும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, அங்குள்ள அரசர் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் அங்கு இல்லாததே காரணமாம். விற்க வந்த வணிகர்களோ குதிரை வைத்தியரை உடன் அழைத்து வருவதில்லை. பழைய குதிரை செத்தால்தானே புதிய குதிரை விற்கும்! பொன்னைக் கொட்டிக் கொடுத்தாலும், பேணும் அறிவு இல்லையேல் செல்வம் நில்லாது.

இனி, வாயில் இரும்பே இல்லாமல் குதிரையை நடத்தும் முறையைப் பார்ப்போம். மூக்குத்தண்டின்மேல் பட்டை ஒன்றைச் சுற்றி, அதை இழுத்துக் குதிரையைத் திருப்புவார்கள். இதற்கு ஆங்கிலத்தில் ஹாக்கமோர் என்று பெயர். இது ஹாக்கிமா என்ற ஸ்பானியச் சொல்லின் திரிபு. அச்சொல்லும் அரபு மொழியிலிருந்து வந்ததே. கி.பி. 711இல் முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குச் சென்றன. 1519இல் ஸ்பானியர் குதிரைகளோடு மெக்சிகோவில் இறங்கினர். ஒரு சொல்லும் ஒரு கைத்தொழிலும் இவ்வாறு கடல் தாண்டின. பின்னாளில் கலிபோர்னியாவின் மாடு மேய்ப்போர், இளங்குதிரைக்குப் பல் விழுந்து முளைக்கும் பருவத்தில் வாய் நோகாதிருக்க, பின்னிய தோல் மூக்குப்பட்டையிலேயே முதலில் பழக்கினர்.

இன்று அமெரிக்காவில் பீப்பாய்ப் பந்தயம் என்று ஒன்று நடக்கிறது. மூன்று பீப்பாய்களை முக்கோணமாக வைத்து, குதிரை ஒவ்வொன்றையும் சுற்றிவிட்டு நேராக ஓடிவர வேண்டும். 1948இல் டெக்சாசில் பெண்களே சங்கம் அமைத்து இவ்விளையாட்டை வளர்த்தனர். வேகத்தில் திரும்பும்போது வாரைப் பிடித்து இழுக்கிறார்கள். வலி தாங்காத குதிரை தலையை உதறும், வாயைப் பிளக்கும், களத்திற்குள் நுழையவே மறுக்கும். முரட்டுக் குதிரை என்று சொல்லி, இன்னும் கடுமையான இரும்பை மாட்டுவோர் உண்டு. அறிந்தவர்களோ முதலில் பல்லையும் முதுகையும் வைத்தியரிடம் காட்டுவார்கள். பிறகு மென்மையான கடிவாளத்திற்கு மாற்றி, நடையிலும் மெல்லோட்டத்திலும் பீப்பாய்களைச் சுற்றப் பழக்கி, அதன்பின்பே வேகம் கூட்டுவார்கள்.

ஆயினும் பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. நீண்ட பக்கக் கம்பிகள் உள்ள ஹாக்கமோர் நெம்புகோல் போல வேலை செய்து, கையின் இழுப்பைப் பன்மடங்காக்கும். மூக்கெலும்பின் மெல்லிய நுனியில் அது இறங்கி அழுத்தினால் மூச்சும் தடைப்படும். ஆகவே வாயில் இரும்பு இல்லை என்பதனாலேயே அது மென்மையானது ஆகிவிடாது. கருவி பாதி, கை பாதி.

என் தாத்தா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். சிறுவனாக இருந்தபோது ஒருநாள், திரும்ப மறுத்த காளையின் மூக்கணாங்கயிற்றை நான் வெடுக்கென்று இழுத்துவிட்டேன். மூக்கில் இரத்தம் துளிர்த்தது. தாத்தா என்னை அடிக்கவில்லை. "கயிறு சேதி சொல்லத்தான்டா, சண்டை போட இல்லை" என்று மட்டும் சொன்னார். ஆசிரியனாகி முதலாண்டில் பிரம்பை ஓங்கிய ஒரு நாள், அந்தச் சொல் நினைவுக்கு வந்து என் கையைத் தடுத்தது. கணக்கு வராத அந்தப் பையன் முரடன் அல்லன். கரும்பலகை அவன் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

நேயர்களே, பிள்ளை தலையை உதறினால் இன்னொரு சுற்றுக் கயிற்றை இறுக்குவதற்கு முன், எங்கே வலிக்கிறது என்று கேட்போம். என் மாணவிக்கும் அந்த விடையைத்தான் சொன்னேன்: "வலிக்கும் அம்மா. வலிக்காமல் பிடிக்கக் கற்பதுதான் வித்தை."