முடிவெடுக்கும் வேலை சுவிட்சை விட்டுப் போன கதை

அமெரிக்காவின் தொலைதூரத் தொலைபேசி இணைப்புகளில் ஒரு காலத்தில் பேச்சும் கட்டளையும் ஒரே தடத்தில் ஓடின. 2600 ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியாக எழுப்பத் தெரிந்தவர்கள் எக்ஸ்சேஞ்சை ஏமாற்றி இலவசமாகப் பேசினார்கள். ஏடி அண்ட் டி நிறுவனம் 1976 முதல் கட்டளைகளைத் தனித் தடத்துக்கு மாற்றத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில், சில அழைப்புகளை எங்கே அனுப்புவது என்று எக்ஸ்சேஞ்சுகள் ஒரு மையத் தரவுத்தளத்தைக் கேட்டு நடக்கும் ஏற்பாடும் வந்தது. கணினி நெட்வொர்க்குகள் அந்த இடத்துக்கு வந்துசேர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் விற்ற சுவிட்சும் ரூட்டரும் மூடிய பெட்டிகள். பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டைத் தள்ளிவிடும் சிப்பும், எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவெடுக்கும் மென்பொருளும் ஒரே நிறுவனத்திடமிருந்து ஒன்றாக வந்தன. ஒரு விதியை மாற்ற வேண்டுமென்றால் நெட்வொர்க் பொறியாளர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நுழைந்து கட்டளைகளைத் தட்ட வேண்டும். நூறு சுவிட்ச் இருந்தால் நூறு தடவை. ஒன்றில் பிசகினாலும் கோளாறு எங்கே என்று தேட ஒரு நாள் போய்விடும்.

இதை மாற்றப் புறப்பட்டவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் கசாடோ. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்கு ஆய்வு மாணவராக வந்தவர். நிக் மெக்கியோன், ஸ்காட் ஷென்கர் ஆகியோருடன் சேர்ந்து 2006இல் அவர் முன்வைத்த முதல் திட்டத்தின் பெயர் சேன். அதற்கு நெட்வொர்க்கில் உள்ள கணினிகளையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது, யார் ஒப்புக்கொள்வார்கள்? மறு ஆண்டு வந்த ஈத்தேன் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. பழைய கணினிகள் அப்படியே இருக்கலாம், பழைய சுவிட்சுகளும் பக்கத்திலேயே ஓடலாம். புதிதாக ஒரு தொடர்பு தொடங்கும்போது அதன் முதல் பாக்கெட் மட்டும் முடிவெடுக்கும் மையக் கணினியான கன்ட்ரோலருக்குப் போகும். அது அனுமதித்துவிட்டால் சுவிட்சின் அட்டவணையில் ஒரு வரி ஏறும். பின்னால் வருபவை கேள்வியின்றிக் கடக்கும். 19 சுவிட்சுகளும் 300க்கு மேற்பட்ட கணினிகளும் கொண்ட ஸ்டான்ஃபோர்டு நெட்வொர்க்கை நிர்வகித்த கன்ட்ரோலர் ஒரு சாதாரண லினக்ஸ் பிசி.

ஈத்தேனிலிருந்து பிறந்ததுதான், கன்ட்ரோலர் சுவிட்சின் அட்டவணையை எழுதப் பயன்படும் நெறிமுறையான ஓப்பன்ஃப்ளோ. 2008இல் வெளியான அதன் அறிமுகக் கட்டுரையை எழுதிய எட்டுப் பேரில் சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணனும் ஒருவர். முடிவெடுக்கும் வேலையைச் சுவிட்சிலிருந்து பிரிக்கும் இந்த முறைக்கு 'சாஃப்ட்வேர் டிஃபைண்ட் நெட்வொர்க்கிங்' என்ற பெயர் 2009இல் எம்ஐடியின் டெக்னாலஜி ரிவியூ இதழ் வழியாகப் பரவியது. 2011இல் கூகுள், ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், யாஹூ, வெரைஸன், டாய்ச்ச டெலிகாம் ஆகியவை கூடி ஓப்பன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷனை அமைத்தன.

இந்த வரலாற்றில் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி கூகுளின் பி4. கண்டங்கள் தாண்டித் தன் தரவு மையங்களை இணைக்கும் இந்த நெட்வொர்க் பற்றி அந்நிறுவனம் 2013இல் விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. தேவைக்கு ஏற்ற சுவிட்ச் சந்தையில் கிடைக்காததால், கடையில் விற்கும் சிப்புகளைக் கோத்து 128 போர்ட் சுவிட்சைத் தானே செய்துகொண்டது. தொலைதூர இணைப்புகளைப் பொதுவாக 30–40 சதவீதமே நிரப்பி ஓட்டுவது வழக்கம். பி4இல் பல இணைப்புகள் 100 சதவீதத்தை நெருங்கி ஓடின.

அந்தக் கணக்கைவிட, அங்கே போய்ச் சேர்ந்த விதம்தான் பெரிது. கூகுள் ஒரே இரவில் மாறவில்லை. புதிய சுவிட்சுகளை முதலில் பழைய ரூட்டிங் நெறிமுறைகளோடே பேச வைத்தது. பிறகு சிறிது சிறிதாகப் போக்குவரத்தை ஏற்றியது. பாதைகளைக் கணக்கிட்டுப் பிரித்தளிக்கும் மையச் சேவையைக் கடைசியில்தான் சேர்த்தது. அந்தச் சேவை தடுமாறினால் அதை நிறுத்திவிட்டுப் பழைய மிகக் குறுகிய பாதை முறைக்குத் திரும்பும் வழியையும் விட்டுவைத்தது. ஒவ்வொரு தளத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோலர் சர்வர்கள் இருந்தன. அப்படியும் ஒரு நாள் விழுந்தது: சாதனங்களை இடம் மாற்றும் பணியின்போது ஒரு புதிய சுவிட்சுக்கு ஏற்கெனவே இருந்த சுவிட்சின் அடையாள எண்ணையே கையால் கொடுத்துவிட்டார்கள். இணைப்புகள் விட்டுவிட்டு அறுந்தன, கன்ட்ரோலர்கள் திணறின. அதை மறைக்காமல் அச்சில் எழுதிவைத்தது அந்தக் குழுவின் பெருந்தன்மை.

கசாடோவும் அவர் ஆசிரியர்களும் தொடங்கிய நிசிரா நிறுவனம் வேறு வழியில் போனது. வன்பொருளைத் தொடாமல், சர்வருக்குள் ஓடும் மென்பொருள் சுவிட்சைக் கொண்டே வேலையை முடித்தது. 2012இல் விஎம்வேர் அதைச் சுமார் 126 கோடி டாலருக்கு வாங்கியது. ஓப்பன்ஃப்ளோவோ எதிர்பார்த்த அளவுக்கு எல்லாச் சுவிட்சுகளையும் ஆளவில்லை. வன்பொருள் அட்டவணைகளின் சிறிய கொள்ளளவும் அதற்கு ஒரு காரணம்.

இன்று ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ இதில் இறங்குவதானால், ஒரு கட்டடத்தில் மட்டும் தொடங்கட்டும். வாங்கும் முன் சுவிட்சின் அட்டவணையில் எத்தனை வரிகள் கொள்ளும் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். கன்ட்ரோலரை ஒன்றோடு நிறுத்தாமல் மூன்றாக வையுங்கள்; ஒன்றை வேண்டுமென்றே அணைத்து, நெட்வொர்க் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சுகளின் அடையாள எண்களைக் கையால் தட்டாதீர்கள். பழைய ரூட்டிங் அமைப்பை ஓராண்டாவது அழிக்காமல் வைத்திருங்கள்.